கார்னெட் விடாத கால் அங்குலம்

எங்கள் பந்தயத் தடத்துக்கு விளக்கு கிடையாது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே கொடி அசைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஸ்டாக் கார் என்கிற பந்தயக் கார் ஒவ்வொன்றும் என் ஷெட்டுக்குள் வந்துவிட்டுத்தான் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த பிரஷி ஃபோர்க் தடத்தில் உடம்பு அளக்கிறவள் நான்தான். கார் உடம்பைச் சொல்கிறேன். மோட்டாரைப் பார்க்க வேறு ஆள் உண்டு, அது அவன் பாடு.

லேசான வேலைதான், ஆனால் பொல்லாத வேலை. கூரை, மூக்கு, பின்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அலுமினியத்தில் வெட்டிய அச்சுத் தகடு ஒன்று சுவரில் தொங்கும். காரின் மேல் வைத்தால் அது பொருந்தி உட்கார வேண்டும். கால் அங்குலம் வரை இடைவெளி இருந்தால் ரூல் மன்னிக்கும். அதற்கென்று கால் அங்குலப் பித்தளைக் கம்பி ஒன்று என் சட்டைப் பையிலேயே இருக்கும். அது இடைவெளிக்குள் நுழைந்துவிட்டால் பேச்சே கிடையாது. "கம்பி உள்ளே, வண்டி வெளியே" என்று டிக்கெட் கிழிக்கிறவன் வரைக்கும் சொல்வான்.

எதற்கு இத்தனை கெடுபிடி என்றால், காற்றுக்காகத்தான். பின்பக்கத் தகடு அரை அங்குலம் பிதுங்கி நின்றால் போதும், வளைவில் காற்று அதன் மேல் சாய்ந்து காரைப் பிடித்துக்கொள்ளும். மற்றவன் வழுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கப் போகும்போது இவன் மட்டும் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி திரும்புவான். அந்த அரை அங்குலத்துக்காகப் பெற்ற தாயை ஏமாற்றுவார்கள். கட்டின பெண்டாட்டியையும்தான்.

கார்னெட் ராட்லிஃப் என் புருஷன். டிங்கரிங் வேலையில் சுற்றுவட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இடது கைக்காரன். பட்டி பூசி ஒப்பேற்றுகிற ஜோலியே இல்லை, எல்லாம் சுத்தியல்தான். பித்தலாட்டத்திலும் அவனுக்கு மிஞ்சி ஆளில்லை. தகட்டை உள்ளே இழுத்து ஒரு மெழுகுக் கட்டியில் நிறுத்துவான். என் ஷெட்டில் அச்சு கச்சிதமாக உட்காரும். பத்துச் சுற்று ஓடினதும் புகைக்குழாய்ச் சூட்டில் மெழுகு உருகும், தகடு பிதுங்கும். ஜெயித்து முடித்ததும் அவனும் அவன் சித்தப்பா பிள்ளைகள் நாலு பேரும் ஹோவென்று ஓடிவந்து காரைக் கட்டிப்பிடிப்பார்கள். இடுப்பால் ஒரு முட்டு, தோளால் ஒரு முட்டு. தகடு உள்ளே போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அடுத்த நிமிஷம் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கார் நிற்கும்.

எனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது தெரியுமா? பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். அந்த மனுஷன் கல்யாணத்தன்று கூட நாலு பேர் முன்னால் என் தோளைத் தொட்டவனில்லை. அவனாவது, காரைக் கட்டிப்பிடிப்பதாவது!

ஜெயித்த காரை நான் அளந்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது என்று 86-இல் ஒரு ரூல் போட வைத்தேன். அடுத்த சனிக்கிழமையே மாட்டினான். ஊர் பார்க்க, தகரக் கத்திரியால் நானே அந்தத் தகட்டை வெட்டி ஷெட் சுவரில் மாட்டினேன்.

அன்றைக்கு மோரில் சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டு அவனுக்கு முன்னால் வைத்தேன். கரண்டியைத் தொடவில்லை.

"நீ என் பொண்டாட்டியா, இல்ல அந்தத் தடத்துக்காரனுங்க ஆளா?" என்றான்.

"சனிக்கிழமை அவங்க ஆளு. மத்த ஆறு நாளும் உன் பொண்டாட்டி."

"எனக்கு அந்த ஒரு நாள்தான்டி வேணும்."

"அப்ப ஒழுங்கா செஞ்சு எடுத்துட்டு வா. கதவைத் தொறந்து விடறேன்."

சுத்தியல்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரோண்டல் கீன் என்ற பையனின் பட்டறைக்குப் பின்னால் ஒரு ரூம். மூன்று மைல். எட்டு வருஷம். நானும் போகவில்லை, அவனும் வரவில்லை. தடத்துப் பக்கம் கூடத் தலைகாட்டவில்லை. மூன்று மைல் ஒரு தூரமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுவேன். சர்ச்சுக்கு இடது பக்கம், ஆற்றுக்கு வலது பக்கம். எட்டு வருஷமும் இடது பக்கமே திரும்பினேன். பிடிவாதம் பிடித்த கழுதை என்று என்னை யாராவது சொன்னால் இப்போது சண்டைக்குப் போக மாட்டேன்.

போன பிப்ரவரியில் ரோண்டல் என் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கார்னெட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம். அடக்கம் பண்ணினோம்.

அதற்கப்புறம்தான் என்னைப் பிடித்தது ஒரு பைத்தியம். அவன் கைபட்டது ஏதாவது ஒன்று வேண்டும். வீட்டில் ஒன்றுமில்லை. சுத்தியல்களைச் சித்தப்பா பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவன் செய்த கார்களெல்லாம் மோதி நசுங்கிப் பழைய இரும்பாகிவிட்டன. ஷெட் சுவரில் நான் மாட்டிய தகட்டைக் கூட, புதிதாக வந்த மேனேஜர் சுவரைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று லாரியில் ஏற்றிவிட்டார். "இனிமே வெட்டறதை நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க வெர்லீன், இங்க குப்பை சேக்காதீங்க" என்று வேறு சொன்னார்.

ஏப்ரலில் முதல் பந்தயத்துக்கு ரோண்டல் கொண்டுவந்தான், நீலக் கலர் கார். வலது பின்பக்கத் தகடு கார்னெட் செய்தது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே கையை விட்டதுமே தெரிந்தது. சுத்தியல் தடமெல்லாம் மீன் செதில் மாதிரி இடது பக்கம் சாய்ந்திருந்தது. கையை எடுக்கவே மனசில்லை. அவன் கடைசியாகச் செய்தது இது. உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

ரோண்டலிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பந்தயக்காரன் கையால் ஒரு வாய் காபி கூட வாங்கிக் குடித்ததில்லை நான். ஓடுகிற காரில் இருந்து தகட்டைக் கழற்றிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் ரூலே கொடுத்தால்? கம்பி உள்ளே போனால் வெட்டலாம். வெட்டினால் அது எனக்கு. கார்னெட் என்றைக்கு ஒழுங்காகச் செய்தான்? நிச்சயம் போகும். ஓடுவதற்கு முன்னால் அளந்தேன், அச்சு சரியாக உட்கார்ந்தது. அட, அவன் வேலை எப்போது ஓடுவதற்கு முன்னால் தெரிந்திருக்கிறது? ஜெயித்துவிட்டு வா தம்பி, அப்புறம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடவுள் என் பக்கம் இருந்தார். ரோண்டல் ஜெயித்தான். இரண்டாவதாக வந்த காரின் சொந்தக்காரர் பர்ல் ஹேகி, அறுபது வயசு, வாய் மட்டும் இருபது. கார் நிற்பதற்குள் மேனேஜரிடம் புகார் கொடுத்துவிட்டார். ஷெட் வாசலில் கூட்டம்.

"அது கார்னெட் செஞ்ச தகடுய்யா!" என்று பர்ல் கத்தினார். "அளக்கப்போறது யாரு? அவன் பொண்டாட்டி! விட்டுடுவா. எழுதி வேணா தர்றேன், விட்டுடுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. வராதா பின்னே? தகரக் கத்திரியை எடுத்து மேஜை மேல் தயாராக வைத்திருந்தேன் நான்.

முதலில் உள்ளே கையை விட்டேன். மெழுகைத் தேடினேன். இல்லை. கொக்கி, ஆப்பு ஒன்றும் இல்லை. வெறும் தகடு, ஒழுங்காக ரிவெட் அடித்து நின்றது. கார் இன்னும் சூடாக இருந்தது. அச்சை எடுத்து மேலே வைத்தேன். ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் கூட நுழையவில்லை.

கம்பியை எடுத்தேன். ஏழு இடத்தில் பார்க்க வேண்டும். சக்கர வளைவுக்கு மேலே, போகவில்லை. பெட்ரோல் மூடிக்குக் கீழே, போகவில்லை. மூன்று, நாலு, ஐந்து. பாவி, எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்? ஆறு. ஏழு. போகவில்லை, போகவில்லை.

இத்தனை வருஷத்தில் அச்சைப் பற்றி எனக்குத் தெரியாத சூட்சுமம் கிடையாது. மேல் விளிம்பைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் கீழே வாய் திறந்துகொள்ளும். என் முதுகு மறைத்திருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்? யார் நம்ப மாட்டார்கள்? கார்னெட் என்ற பெயர் ஒன்று போதாதா? மனசாரச் சொல்கிறேன், நான் அழுத்தினேன். கம்பி உள்ளே போனது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த முதல் திருட்டு. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் அந்தத் தகடு என் வீட்டில் இருக்கும்.

பர்ல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"போச்சு, போச்சு! கம்பி உள்ள போச்சு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினார். "நான் சொல்லல? செத்தும் திருந்தல பாரு, திருட்டுப் பய!"

எனக்குச் சுரீர் என்றது. அவனைத் திருடன் என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவன் திருடன். இன்றைக்கு இல்லை. இன்றைக்குத் திருடி நான். பதில் சொல்ல அவன் இல்லாத நாளில், அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலையை நானே பொய்யாக்கப் பார்த்தேன்.

கட்டைவிரலை எடுத்தேன். வாய் மூடிக்கொண்டது. கம்பி 'டிங்' என்று சிமென்டில் விழுந்தது.

"அச்சு நழுவிடுச்சு" என்றேன். "கை தவறிடுச்சு. தப்பு என் மேல."

"நழுவுச்சா? அதெப்படி நழுவும்?"

"குனிஞ்சு அந்தக் கம்பியை எடு பர்ல். நீயே வெச்சுப் பாரு. ஏழு எடம். அச்சை மேனேஜர் பிடிக்கட்டும், நான் தொடல."

கூட்டத்தில் யாரோ, "குனிஞ்சா திரும்ப நிமிருவாரா?" என்றார்கள். பர்ல் முறைத்துக்கொண்டே எடுத்தார். ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. ஏழாவது இடத்தில் மூன்று தடவை முயற்சி பண்ணினார்.

"என்னா பர்ல்? உள்ள போகுதா?" என்றேன்.

"இல்ல."

"சத்தமா சொல்லு. அப்ப மட்டும் நல்லா கத்தின."

"போகலம்மா, போகல! போதுமா?" கம்பியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அளவு சரி என்று சீட்டில் கையெழுத்துப் போட்டு ரோண்டலிடம் கொடுத்தேன். கூட்டம் கலைந்தது. அவன் போகாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. அஞ்சு வாரம் இந்த ஒரு தகட்டோட மல்லுக்கட்டினாருக்கா அண்ணன். வைப்பாரு, எடுப்பாரு, தட்டுவாரு. கால் அங்குலம் ரூல்லயே இருக்கு, அதையாவது விடுண்ணேன்னு கெஞ்சினேன். காத்து கிடைக்கும்ல? மாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

"ஏப்ரல்ல நானும் கூட வரேன்னாரு. அவ கம்பியைக் கையில வெச்சிட்டு எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிக்கணும், அதை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்னாரு. அப்புறம் ஏதோ சொன்னாரு, எனக்குப் புரியல. 'கதவைத் தொறந்து விடறேன்னு சொல்லியிருக்கா'ன்னாரு."

எட்டு வருஷம் கழித்து வருவதாக இருந்திருக்கிறான். இரண்டே மாசம். அந்த இரண்டு மாசத்தை அவனுக்கு யாராவது கொடுத்திருக்கக் கூடாதா? பிப்ரவரியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வலது பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா?

ரோண்டல் காரை வெளியே தள்ளப் போனான்.

"கொஞ்சம் இரு" என்றேன்.

அளந்து முடித்தாகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் தொடலாம், ரூல்படி. நான் போய் அந்தப் பின்பக்கத் தகட்டின் மேல் சாய்ந்தேன். இடுப்பு, தோள், கன்னம், எல்லாம். இரண்டு கையையும் விரித்துப் பிடித்தேன். சூடு இன்னும் ஆறவில்லை.

"அக்கா, பாத்து" என்றான் ரோண்டல், பாவம், பயந்துபோய். "நெளிஞ்சிடப்போகுது."

"நெளியாது" என்றேன். "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."