எதிரணியின் வட்டத்தில் முப்பத்திநாலு

ஹார்லோ ஊரில், பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கில் சனிக்கிழமைதோறும் காப்பிக்கு உட்காருகிற கிழவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்வதைவிட, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டுக் குளிப்பது சுலபம் என்று மார்லிஸுக்குத் தோன்றியது.

செய்தி சின்னதுதான். மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் சாஸ்கடூன் இல்லம் ஒன்றில் அவள் கணவன் ஓரெஸ்ட்டுக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது. இன்று மதியத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். கிழவர்களைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஊர் எல்லையில் நிற்கிற பலகையில் மக்கள்தொகைக்கு மேலே ‘ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்கின் ஊர்’ என்று எழுதியிருக்கிறது. அந்த ஆளைக் கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிட்டு, அதே பலகையைக் கடந்து தனியாகத் திரும்பி வரும் தைரியம் அவளுக்கு இல்லை. யாராவது ஒருவர் “நீ செய்யறது சரிதான்” என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கக் காரின் வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகிவிட்டு, ஓரெஸ்ட்டின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். பெரிய உடம்பு. இன்னும் தோள் வாசலை அடைத்தது. தலையில் சாஸ்கடூன் ஹாரியர்ஸ் அணியின் அரக்குநிறக் குல்லா. ஒரு காலத்தில் அந்த அணிக்காக, ரக்பி போன்ற அந்த நாட்டுக் கால்பந்தில், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணிக் கோட்டை நோக்கி ஓடியவன் அவன். அவன் சட்டையின் எண்ணைத்தான் ஊர் இன்றுவரை அவனுக்குப் பெயராக வைத்திருக்கிறது.

“வாங்க முப்பத்திநாலு, வாங்க தலைவா,” என்று லாயிட் நாற்காலியை இழுத்துப்போட்டார். லாயிட் தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் ஆல்வின், பழைய பள்ளி பஸ் ஓட்டுநர். இந்த இருவரும் ஹாரியர்ஸ் ஆடிய எல்லா ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார்கள், பார்க்காததையும் சேர்த்து.

“ஹாரியர்ஸ்ல பஸ்டர் மக்கே தாடை உடைஞ்சு, கம்பி கட்டிக்கிட்டு ஆடினானே,” என்று ஆல்வின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “அப்படி ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும்.”

“கம்பி கட்டினது விரல்லய்யா. தாடையில இல்ல.”

“யோவ், நான் நேர்ல பார்த்தேன்.”

“எங்க பார்த்தே? அன்னைக்கு நீ தட்டம்மை வந்து படுத்திருந்தே. உங்கம்மா எங்கம்மாகிட்ட சொன்னாங்க.”

ஓரெஸ்ட் சிரித்தான். எதற்கென்று தெரியாமலே, மற்றவர்கள் சிரிக்கிறபோது சிரிக்க மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. மேசைக்குப் பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் வந்தது. மார்லிஸ் அவன் தட்டில் அதில் ஒரு துண்டை வைத்துக் கரண்டியைக் கையில் வைத்தாள். “ரொம்ப நன்றிங்க,” என்றான் அவளிடம்.

கல்யாணமான நாளிலிருந்து ‘நீ’ என்று கூப்பிட்ட வாய், போன கோடையிலிருந்து ‘நீங்க’ என்கிறது. அடித்தால்கூடப் பொறுத்திருப்பாள், அந்த மரியாதையைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டில் எல்லாக் கதவுக்கும் அவன் பார்வை போகாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. இருட்டியதும் அவன் எழுந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிப்பார்ப்பான். “வெளிய போற வழி எதுங்க?” என்று கேட்பான். இதுதான் உன் வீடு என்றால் அவன் கண்ணில் வருகிற பயத்தைப் பார்க்க முடியாமல், இதோ பஸ் வரட்டும் என்று பொய் சொல்வாள். தாழ்ப்பாள் அவனுக்குப் போட்டதுதான், ஆனாலும் உள்ளே இருப்பது இரண்டு பேர். அவள் தனியாகக் கடைக்குப் போய் எத்தனையோ மாதம் ஆயிற்று.

காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இல்லத்துச் செய்தியை ஒரே மூச்சில் சொன்னாள்.

லாயிட் கோப்பையைக் கீழே வைத்தார். “இல்லத்துக்கா? எங்காளையா?”

“என்னால முடியல, லாயிட்.”

“முடியலன்னா எங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே. நாங்க முறை போட்டு வந்து உட்கார்றோம். திங்கள் நான், செவ்வாய் ஆல்வின்.”

“செவ்வாய் எனக்கு முட்டி டாக்டர்,” என்றார் ஆல்வின்.

“சரி, புதன். இவரைக் கொண்டுபோய் நாலு சுவத்துக்குள்ள அடைக்கிறதா? ஊர் என்ன சொல்லும் மார்லிஸ்? அவருக்கு ஒண்ணும் இல்ல. சும்மா கொஞ்சம் ஞாபகப் பிசகு. இப்ப பாரு, கதையை எடுத்துவிட்டா மனுஷன் எப்படி மலர்றாருன்னு பாரு.”

எந்தக் கதை என்று அவள் கேட்கவில்லை. ஹார்லோவில் ஒரே கதைதான். கிறிஸ்துமஸுக்கும் சொல்வார்கள், சாவு வீட்டிலும் சொல்வார்கள். லாயிட் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“கடைசி ஆட்டம். வினிபெக்காரங்க முன்னாடி இருக்காங்க. நம்ம முப்பத்திநாலு மேல ரெண்டு மலை வந்து மோதுது. மண்டையும் மண்டையும் இடிச்ச சத்தம் மேல் வரிசையில உட்கார்ந்த எனக்குக் கேட்டுது. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சோம். மனுஷன் எழுந்து தூசியைத் தட்டிக்கிட்டு நேரா எங்க போனாரு?”

“வினிபெக்காரன் வட்டத்துக்கு,” என்று ஆல்வின் எடுத்துக்கொடுத்தார்.

“வினிபெக்காரங்க தலையைக் குனிஞ்சு வட்டமா நின்னு அடுத்து என்ன செய்யலாம்னு ரகசியம் பேசறாங்க. நம்மாளு அதுக்குள்ள போய், ரெண்டு பேர் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, இவரும் குனிஞ்சு கேட்கறாரு. வேற கல்யாணத்துப் பந்தியில போய் உட்கார்ந்த மாதிரி. மைதானமே சிரிச்சுது. அப்புறம் நம்ம பசங்க இழுத்துட்டு வந்தாங்க. அடுத்த தடவை பந்து கைக்கு வந்துது பாரு, ஒரே ஓட்டம். ஒருத்தன் தொட முடியல. கோட்டைத் தாண்டினாரு, கோப்பை நம்ம கையில.”

ஆல்வின் மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுப்படியில் இருந்த பெண்கூட சிரித்தாள். ஓரெஸ்ட் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தான்.

“காதுல ஒரே இரைச்சல்,” என்றான்.

லாயிட் நின்றவாக்கில் அவனைப் பார்த்தார்.

“புல்லு ஒரு பக்கமா சாஞ்சு தெரிஞ்சுது. எங்காளுங்க யாருன்னு எனக்குத் தெரியல. ஒரு வட்டம் இருந்துது, போனேன். அவங்க சிரிச்சுக்கிட்டே தள்ளிவிட்டாங்க. வேற யாரோ இழுத்தாங்க. ஓரத்துல நின்னவர்கிட்ட போனா, உள்ள போ, உள்ள போன்னு கையைக் காட்டறாரு. கையில பந்தைத் திணிச்சுட்டாங்க. அத்தனை பேரும் என்னைப் பிடிக்க வர்றாங்க. எனக்கு பயம். வெளிய போற வழியைத் தேடித்தான் ஓடினேன். கோடு தாண்டினதும் எல்லாரும் மேல விழுந்து அமுக்கிட்டாங்க.”

மார்லிஸ் பக்கம் திரும்பி, “வழி எதுங்க?” என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனித்தரையில் யாரோ கல்லைச் சறுக்கிவிடுகிற சத்தம் கேட்டது.

“ஆனா தலைவா, அந்த ஓட்டத்துலதானே...” என்று ஆல்வின் ஆரம்பித்தார்.

“வாயை மூடு ஆல்வின்.” லாயிட் மெதுவாக உட்கார்ந்தார். “நான் அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன் மார்லிஸ்.”

“நானும்தான்,” என்றாள் அவள். இருக்கை மேலேறி நின்று சிரித்தவள் அவள். அன்றிலிருந்துதான் அவனுக்குத் தலைவலி. வெற்றி விருந்தில் அவன் இருட்டு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தபோது, வெட்கப்படுகிறான் என்று தோழிகளிடம் சொன்னவளும் அவள்தான். லாயிட்டின் மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள். அந்தக் கோபத்தில் பாதி தன் பக்கமே திரும்பியது.

“போன் பண்ணு,” என்றார் லாயிட். “ஊர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. நீ பேசிட்டு வர்ற வரைக்கும் இவரை நாங்க பார்த்துக்கறோம்.”

கோட்டுகள் மாட்டியிருந்த நடைக்கு வந்து எண்ணை அழுத்தினாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு சுவருக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். நெஞ்சில் ஏதோ இளகியது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. மறுமுனையில் இளம் குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

“இடத்தை எடுத்துக்கறோம்,” என்றாள் மார்லிஸ். “ஹ்னாட்யுக். ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்.”

“தெரியும்மா. முப்பத்திநாலுதானே? உங்க பேரைப் பார்த்ததுலேர்ந்து இங்க எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். இல்லத்துல இருக்கற பெரியவங்கள்ல பாதிப் பேர் ஹாரியர்ஸ் பைத்தியம். நேத்து சாப்பிட்டது மறந்துபோகும், அந்த ஆட்டம் மட்டும் மறக்காது. சாப்பாட்டு அறையில அவருக்கு நடு மேசை ஒதுக்கியாச்சு. தினமும் காலையில அந்தக் கதையை அவரை வெச்சே சொல்லப்போறோம்.”

அதை மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்க மார்லிஸ் வாயைத் திறந்தாள். இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து மூடிக்கொண்டாள்.

“எங்கப்பா சொல்லுவாரும்மா, நேரா வினிபெக்காரன் வட்டத்துக்குள்ள போய் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நின்னாராமே,” என்று அந்தப் பெண் ஆரம்பித்துவிட்டாள். அவளும் முழுக் கதையையும் சொன்னாள். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் மார்லிஸ் சிரித்தாள்.