இடது வாய் நத்தை

அருங்காட்சியகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் அளவுகோல். நாற்பது வருடம் அங்கே மீனும் வண்டும் நத்தையும் வரைந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் முதுகு ஒரு நூல் வளையவில்லை. ஒரு கோடு பிசகினால் குடும்பமே பிசகியதாக அர்த்தம் என்பது அவர் கட்சி.

அன்று காலை மருமகள் ஒரு பெரிய தாளைச் சுருட்டி எடுத்து வந்தாள். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்து வரைகிறாள். குளக்கரைகளில் வைப்பதற்காகச் சுகாதார அலுவலகம் தயாரித்த எச்சரிக்கைப் பலகையின் அச்சு மாதிரி அது.

"மாமா, பாருங்க. இனிமே எல்லாக் குளத்துக்கும் உங்கப்பாதான் காவல்."

தாளில் இரண்டு நத்தைகள், பார்வைக்கு அக்கா தங்கை போல. ஒன்றுக்கு வாய் வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம். ஒன்று சாது. மற்றதன் வயிற்றில் வளரும் புழு, தண்ணீரில் நிற்பவர் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். படத்தின் அடியில், அவருக்கு முன்னால் இதே வேலை பார்த்த அப்பாவின் கையெழுத்து.

"வலது வாய் ஆபத்து, இடது வாய் சாதுன்னு கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க. படத்தைப் பார்த்தாலே புரியுதே!"

"புரியாம? அப்பா முன்னால வச்சு வரைஞ்ச நத்தை ஓட்டையே காட்டறேன், இரு. அப்புறம் பேசு."

பீரோவிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். பஞ்சுக்குள் விரல்நுனி அளவில் ஒரு ஓடு. ஒட்டியிருந்த சீட்டில் அப்பாவின் எழுத்து: புழு சுமப்பது. கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

வாய் இடப்பக்கம் இருந்தது.

ஓட்டைத் திருப்பினார். புரட்டினார். கவிழ்த்துப் பார்த்தார். எப்படிப் புரட்டினாலும் இடது வாய் நத்தை இடது வாய் நத்தைதான்.

அப்பாவின் காலம், கல்லில் வரைந்து அச்சிட்ட காலம். கல்லில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். அதனால் கண்ணாடியில் பார்த்து, எல்லாவற்றையும் பக்கம் மாற்றி வரைய வேண்டும். 'கல்லுல பொய் சொன்னாத்தான் தாள் உண்மை பேசும்' என்பார் அப்பா. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருடம் நத்தைக் கல் விரிசல் விட்டது. "புதுக் கல்லை நீ வரை. என் கையெழுத்தையும் போடு. என் கை போச்சுன்னு வெளியில தெரியக் கூடாது" என்றார். மகனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கையெழுத்துக்காக மட்டும் மூன்று நாள் கண்ணாடி முன் உட்கார்ந்தான். அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "குடும்பப் பேரைக் காப்பாத்திட்டடா" என்றார். அந்த மிதப்பில், கண்ணாடி இல்லாமலே, பழைய அச்சைப் பார்த்து அப்படியே நத்தைகளை வரைந்தான். அச்சானதும் அவன் பார்த்தது கையெழுத்தை மட்டும். அது நேராக விழுந்திருந்தது. நத்தைகள் பக்கம் மாறி விழுந்திருந்தன. அந்தப் படம் அச்சான புத்தகம் அலமாரியில் தூங்கியது. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் எழுந்து நடக்கிறது.

"என்ன மாமா, அதையே புரட்டிட்டு இருக்கீங்க?"

"குளத்துல... யாராவது இறங்கியிருக்காங்களா?"

"நம்ம வாலோட வகுப்பே போயிருக்கே. சாது நத்தை பொறுக்கிட்டு வரப் போயிருக்காங்க. எது சாதுன்னு நேத்து நான்தானே போய்ச் சொல்லிக் குடுத்தேன்."

வால் என்பது அவருடைய பேத்தி. எட்டு வயது.

'அப்பா தப்பா வரைஞ்சுட்டார்.' மூன்றே சொல். பல் வரை வந்துவிட்டது. கையெழுத்து சாட்சி சொல்லும். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார். நாற்பது வருட நிமிர்வு அப்படியே நிற்கும். ஆனால் அப்பா வரைந்தது சரி. கையிலிருந்த ஓடு அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"படம் தப்பும்மா. இடது வாய்தான் விஷம். அந்தக் கல்லை வரைஞ்சது நான். கையெழுத்தும் நான் போட்டது."

மருமகள் டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் செருப்பில்லாமல் பின்னால் ஓடினார்.

போன் கரையில், டீச்சரின் பைக்குள் கிடந்து அலறிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் இருபது பிள்ளைகள்.

"வெளியே வாங்க! எல்லாரும் வெளியே வாங்க!"

அவர் குரல் அப்படி உடைந்து யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் முகம் மாறியதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வால் டப்பாவை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தாத்தா, நான்தான் ஃபர்ஸ்ட்! பதினேழு! எல்லாம் கொள்ளுத் தாத்தா படம் மாதிரியே இருக்கு!"

பதினேழுக்கும் வாய் இடப்பக்கம்.

மருமகள் பிள்ளைகளின் கால்களைத் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். செய்தி கேட்டு வந்த சுகாதார அதிகாரி நோட்டைப் பிரித்தார்.

"எல்லா நத்தையிலயும் புழு இருக்காது. இருந்தாலும் ரத்தத்துல தெரிய ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்கணும், வேற வழியில்ல. பலகையை நிறுத்திடறேன். படம் யாரோடது? அடியில ஒரு பேர் இருந்துச்சே..." எழுதத் தொடங்கினார்.

பெரியவர் அந்தப் பேனாவைப் பிடித்தார்.

"அந்தப் பேரை எழுதாதீங்க. அவர் வரைஞ்சது சரி. தப்பு என்னோடது. என் பேரை எழுதுங்க."

"நீங்க அருங்காட்சியகத்து அளவுகோல் இல்ல? ஐயா, நீங்களா?"

"நான்தான்."

தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அதிகாரி எழுதி முடிக்கும்வரை நிமிர்ந்தே நின்றார். பிறகு கரையில் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகு தானாக வளைந்தது.

வால் குனிந்து கணுக்காலைச் சொறிந்தாள்.

"தாத்தா, இங்க அரிக்குது."