ஓய்காவாவின் இரட்டை வட்டம்

கிதாகாமி ஆற்றங்கரைப் பந்தயத் திடலில் ஓய்காவாவின் இரட்டை வட்டத்துக்கு இருந்த மரியாதை, அங்கே ஓடிய எந்தக் குதிரைக்கும் கிடைத்ததில்லை. ‘வடக்குக் குளம்பு’ என்ற பந்தயத் தாளில் குதிரைகளின் பெயருக்கு எதிரே குறி போடுவது அவர் வேலை. ஜெயிக்கும் என்று நம்பும் குதிரைக்கு இரட்டை வட்டம், அடுத்ததற்கு ஒற்றை வட்டம், அதற்கும் அடுத்ததற்குக் கறுப்பு முக்கோணம். தேறாதது என்றால் வெறும் இடம். முப்பத்தொரு வருஷமாகப் போடுகிறார். இரண்டு வயதுக் குட்டிகள் முதன்முதலாக ஓடும் பந்தயங்களில் மட்டும் அவருடைய இரட்டை வட்டம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் இத்தனை வருஷத்தில் பத்துப் பதினைந்தாவது தேறியிருக்கும். அவர் படித்து, ஆராய்ந்து போட்டார்.

அதனால் தாள் விற்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் விற்றது. முடிவெட்டும் கடை வைத்திருக்கும் யாஹாதா, தாளை வாங்கிய கையோடு காதில் செருகிய சிவப்புப் பென்சிலை எடுத்து ஓய்காவாவின் இரட்டை வட்டத்தைக் குறுக்கே அடிப்பார். “ஒண்ணு கழிஞ்சுது. இனிமே மிச்சத்தைப் பார்த்தா போதும்” என்பார். அவரைச் சுற்றி நிற்பவர்களும் அடிப்பார்கள். தாளின் ஆசிரியர் கொன்னோ இதைக் கவனித்து, மற்ற குறிகளைவிட அந்த வட்டத்தை ஒரு சுற்றுப் பெரிதாக அச்சடிக்கச் சொல்லியிருந்தார்.

“மத்த தாள்ல எல்லாம் ஒரு நாள் சரியாச் சொல்றான், ஒரு நாள் தப்பாச் சொல்றான். அவங்களை வெச்சு ஜனங்க என்ன பண்ணுவாங்க?” என்பார் கொன்னோ. “நம்ம ஓய்காவா சான் அப்படி இல்ல. நம்பலாம்.”

ஓய்காவாவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரியும், வலிக்கவும் செய்யும். கோடையில் லாயக்காரர்கள் அவர் வீட்டுக்கு முலாம்பழம் அனுப்புவார்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில், ‘எங்கள் குட்டியைத் தயவுசெய்து மறந்துவிடவும்’ என்று பணிவாக எழுதியிருக்கும். பழம் இனிப்பாகத்தான் இருக்கும். அவருக்குத்தான் தொண்டைக்குள் இறங்காது.

அவருடைய கோளாறு, அவர் குதிரையைப் பார்க்காததுதான். ஜாதகத்தைப் பார்ப்பார். அப்பன், ஆத்தாள், ஆத்தாளின் அப்பன் என்று ஐந்து தலைமுறைக்குப் பெயர்கள் அடுக்கிய அட்டவணை கையில் இருந்தால் போதும், சோறு வேண்டாம். மூன்றாம் தலைமுறையிலும் நான்காம் தலைமுறையிலும் ஒரே பாட்டன் வந்துவிட்டால், ‘பதினெட்டே முக்கால் சதவீத ரத்தம்’ என்று குரல் தழுதழுக்கும். பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்கிறவன் பத்துக்குப் பத்து என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவான், குடும்பம் நடத்துகிறவர்கள் வேறு யாரோ. குதிரை விஷயத்திலும் அதே கதைதான். காலில் நொண்டல் இருந்தாலும் அவருடைய அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.

அந்த வருஷக் கடைசியோடு ஓய்வு பெறுவதாகச் சொல்லியிருந்தார். குட்டிகளுக்கான கடைசி முதலோட்டம் நவம்பர் இரண்டாம் ஞாயிறு. ஒரே ஒரு முதலோட்டத்தில் இரட்டை வட்டம் பலித்து, யாஹாதா தன் சிவப்புப் பென்சிலைக் காதிலேயே வைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அந்த மனிதருக்கு இல்லை.

முதலோட்டத்துக்கு முன்னால் குட்டிகளுக்குத் தகுதி ஓட்டம் ஒன்று உண்டு. அன்றைக்கு மதியம் சோபா நூடுல்ஸ் கடையில் சூப்பைக் குடித்துவிட்டு, படிக்கிற கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் ஓய்காவா. திடலுக்கு வந்து அட்டவணையைப் பிரித்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. கண்ணாடிக்குத் திரும்பிப் போக நேரமில்லை. வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகக் குதிரைகளைப் பார்த்தார். தூரப் பார்வை அவருக்கு நன்றாகவே இருந்தது.

ஐந்து குட்டிகள் ஓடின. முன்னால் ஓடுகிறவை வாரியடிக்கும் மணல் பின்னால் வருகிறவற்றின் முகத்தில் சரமாரியாக விழுந்தது. குட்டிகளுக்கு அது பிடிக்காது. தலையைத் தூக்கும், கண்ணை மூடும், ஒதுங்கப் பார்க்கும். மூன்று அப்படியே செய்தன. நான்காவதாக வந்த சின்னப் பெட்டைக் குட்டி ஒன்று மட்டும் மணலை முகத்தில் வாங்கிக்கொண்டே, காதை முன்னால் நீட்டி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடிவந்தது. வழி கிடைக்காததால் நான்காவது. வழி கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது ஓய்காவாவுக்குப் பளிச்சென்று தெரிந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் நின்றவனிடம் அதன் பெயரைக் கேட்டார்.

கோமா செம்பே. சொந்தக்காரர் எள்ளு பிஸ்கட் சுடுகிறவர், அதனால் குதிரைக்கும் எள்ளு பிஸ்கட்டின் பெயரையே வைத்துவிட்டார். கண்ணாடி கிடைத்ததும் ஜாதகத்தை எடுத்துப் பார்த்த ஓய்காவாவுக்கு வியர்த்துவிட்டது. அதன் அப்பன், பெரிய இடத்துக் குதிரைகள் பெட்டையை நெருங்குவதற்கு முன்னால் அவள் மனசு எப்படி இருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்கிற வேலையில் இருந்தவன். ஒருநாள் வேலி சரியாக அடைபடவில்லை. ஆத்தாள் பதினான்கு தடவை ஓடி, பதினான்கு தடவையும் நிதானமாக வந்து சேர்ந்தவள். எதிரே ஓடப்போகும் கிராண்ட் மார்க்விஸ்ஸுக்கோ பதினெட்டே முக்கால் சதவீதம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. சனிக்கிழமை மதியம், அச்சுக்குப் போகும் கையெழுத்துப் படியில், கோமா செம்பேக்கு எதிரே பென்சிலால் இரட்டை வட்டம் போட்டுவிட்டார்.

போட்டுப் பென்சிலைக் கீழே வைப்பதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு மிட்சுயே வந்தாள். கோமா செம்பேக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, கூடவே கிடக்கிற லாயக்காரி. ஐம்பது வயது, கையில் ஒரு பை ஆப்பிள்.

“ஓய்காவா சான், தகுதி ஓட்டத்தன்னைக்கு எங்க செம்பேயைப் பார்த்தீங்களாமே.”

“பார்த்தேன்.”

“நான் நம்பல. அவர் குதிரையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லைன்னு சொன்னேன். பார்த்ததோட இல்லாம பேர் வேற கேட்டாருன்னாங்க. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல.”

ஓய்காவா முழங்கையால் படியை மறைத்தார். முப்பது வருஷம் குதிரைகளோடு இருந்தவளிடம் இந்த வித்தையெல்லாம் செல்லாது.

“போட்டுட்டீங்களா?”

“மிட்சுயே சான், இந்தத் தடவை ஜாதகத்தைப் பார்த்துச் சொல்லல. கண்ணால பார்த்துச் சொல்றேன். அது ஜெயிக்கும்.”

“ஐயையோ, வாயால சொல்லாதீங்க” என்று அவள் சட்டென்று ஜன்னலைச் சாத்தினாள். “அழிச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நல்ல குதிரைன்னு உங்களுக்கே தெரியும் இல்ல?”

“எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சு போச்சே, அதான் பயமா இருக்கு.”

“முப்பத்தொரு வருஷத்துல இது ஒண்ணுதாங்க எனக்கு நிச்சயமாத் தெரியுது.”

“உங்களுக்கு நிச்சயமா இருந்து என்ன? நாளைக்குக் காலைல எங்க ஜாக்கி இஷிபாஷி தாளைப் பிரிப்பார். தன் குதிரைக்கு எதிர்ல உங்க வட்டத்தைப் பார்த்தா அங்கேயே கை ஓய்ஞ்சு போகும். போன வருஷம் உங்க வட்டம் விழுந்த குதிரையை கேட்லேர்ந்து கிளப்பவே மறந்துட்டார் மனுஷன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மூணாவதுக்குள்ள வரலைன்னா திங்கட்கிழமை லாரி வரும்னு முதலாளி சொல்லிட்டார். ரைடிங் கிளப்புக்காம்.”

அந்த லாரி மலைக்கு அந்தப் பக்கம் போவதை இருவரும் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ரைடிங் கிளப்பை இருவருமே பார்த்ததில்லை.

ஓய்காவா ரப்பரை எடுத்தார். குட்டிகளுக்குத் தன் வாழ்நாளில் போட்ட ஒரே சரியான வட்டத்தைத் தானே அழித்துவிட்டு, கிராண்ட் மார்க்விஸ்ஸுக்கு எதிரே புதிதாக ஒன்று போட்டார். கீழே நாலு வரி எழுதவும் எழுதினார். ‘இந்தத் தோள், இந்தப் பார்வை, இந்தக் குலம்! மணலும் இவனுக்கு வழிவிடும்.’ எழுதும்போது கை கூசியது. மிட்சுயே தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து வணங்கினாள்.

“இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள் போகும்போது.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பெய்து விட்டிருந்தது. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில், ஒலிபெருக்கி ஒவ்வொரு குதிரையின் எடையையும் சொல்லிக்கொண்டு வந்தது. கிராண்ட் மார்க்விஸ் ஐநூற்றுப் பன்னிரண்டு கிலோ. பளபளவென்று சீவிய பிடரியும் பின்னிய வாலுமாக, மாப்பிள்ளை ஊர்வலம் போல நடந்தது. அதன் ஜாக்கி மட்டும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் துக்கம் நடந்தவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார். கோமா செம்பே நானூற்றுப் பதினெட்டு கிலோ. பெயருக்கு எதிரே வெறும் இடம். இஷிபாஷி அதன் மேல் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கழிஞ்சுது” என்று மார்க்விஸ்ஸைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார் யாஹாதா. “ஓய்காவா சான், ரொம்ப நன்றி.”

ஒன்பது குதிரைகள், ஆயிரத்து நானூறு மீட்டர். கேட் திறந்ததும் ஈர மணல் எழும்பி எல்லாரையும் ஒரே நிறமாக்கிவிட்டது. முதல் மணல் மூக்கில் பட்டதுமே மார்க்விஸ் அவமானப்பட்ட பெரிய மனிதரைப் போலத் தலையைத் தூக்கி நின்றுவிடப் பார்த்தது. கடைசித் திருப்பம் வரை செம்பே ஆறாவதாக இருந்தது. ஓய்காவா கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. ‘வா, வா’ என்று உதட்டுக்குள் சொன்னார். சொன்னதே தோஷமாகிவிடுமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டார். நேர்ப்பாதையில் உள்பக்கம் ஒரு குதிரை போகிற அளவு இடைவெளி திறந்தது. சேற்று மணல் முகத்தில் அப்பிய அந்தச் சின்னக் குட்டி, கண்ணைத் திறந்தபடியே அதற்குள் புகுந்து வந்து, அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தது. மார்க்விஸ் எட்டாவது. ஒன்பதாவது குதிரை, ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டுத் தனியாக வந்திருந்தது.

ஓய்காவாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குட்டி பிழைத்தது, அது சந்தோஷம். தான் சரி, அது அதைவிடப் பெரிய சந்தோஷம். அந்த இரண்டாவது சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

திடலுக்குப் பின்னால் குடல் குழம்பு விற்கும் கடையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கொன்னோ அவருக்கு சாகே ஊற்றினார்.

“எட்டாவது! கையெடுத்துக் கும்பிடணும் உங்களை. ஓய்வாவது ஒண்ணாவது, அடுத்த வருஷமும் நீங்கதான்” என்றார்.

“செம்பே ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும்” என்றார் ஓய்காவா.

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. யாஹாதாவுக்குக் குழம்பு புரையேறிவிட்டது.

“ரேஸ் முடிஞ்சப்புறம் உங்களுக்குத் தெரியாதது என்னைக்கு இருந்திருக்கு? முப்பத்தொரு வருஷமா திங்கட்கிழமை தாள்ல அதைத்தானே படிக்கிறோம்” என்றார் இருமலுக்கு நடுவே.

அது உண்மைதான். ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் அவர் காரணம் எழுதியிருக்கிறார். ‘ஐந்தாம் தலைமுறைப் பாட்டியின் சுபாவம் திடீரென்று எட்டிப் பார்த்ததால்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார். இப்போது அவர் சொன்ன நிஜத்துக்கும் அதே முகம்தான் இருந்தது.

“படியில போட்டு அழிச்சேன். தகுதி ஓட்டத்துல அது கண்ணை மூடவே இல்ல. சத்தியமாச் சொல்றேன்.”

“அழிச்சீங்களா? அப்ப நான்கூட எல்லாக் குதிரைக்கும் வட்டம் போட்டு எட்டை அழிச்சவன்தான்” என்றார் யாஹாதா.

அந்த நேரத்தில் மிட்சுயே உள்ளே வந்தாள். உடம்பெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு, கையில் முதலாளி கொடுத்தனுப்பிய எள்ளு பிஸ்கட் பொட்டலம். ஓய்காவாவுக்கு உயிர் வந்தது. உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி.

“மிட்சுயே சான், நீங்களாவது சொல்லுங்க இவங்களுக்கு. நான் செம்பேயைப் பத்தி என்ன சொன்னேன்?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மூலையில் இஷிபாஷியும் கோப்பையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பார்த்தார். அவள் இஷிபாஷியைப் பார்த்தாள். வருஷப் பிறப்பில் அதே குட்டிக்கு அடுத்த ஓட்டம் இருந்தது, அதற்கும் அவர்தான் ஜாக்கி. பிறகு ஓய்காவாவின் முன்னால் வந்து, நேற்றைவிட இன்னும் தாழ்வாகக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“ஒண்ணும் சொல்லலையே” என்றாள். “எங்க குட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. அதனாலதான் அது இன்னைக்கு உசிரோட இருக்கு.”

பொட்டலத்தை அவர் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் ஒருமுறை அழுத்தினாள். மூலையில் இஷிபாஷி பெருமூச்சு விட்டு, கோப்பையைக் காலி செய்தார்.

ஓய்காவா பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். எள்ளு பல்லில் சிக்கியது.

“ஆமாம், பார்க்கல” என்றார். “அன்னைக்குக் கண்ணாடியை வேற சோபா கடையில விட்டுட்டேன்.”