மறந்தவர்களுக்கு வாராவாரம் போன்

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க என் கட்டுரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போன நோயாளிகள் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடாமல் எப்படியெல்லாம் டிமிக்கி கொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. அவற்றைப் படித்தவர்களை என்னையும் சேர்த்து ஒரே காரில் ஏற்றிவிடலாம். "உனக்குக் குடும்பம் குட்டின்னு ஒண்ணுமில்லாத குறைய இந்தக் கட்டுரைங்க தீர்த்துவச்சிடுச்சுக்கா" என்று தம்பி கேலி செய்வான். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

ஒரு கட்டுரை மட்டும் இழுபறியில் நின்றது. அது வெளிவந்தால் பதவி கைக்கு வந்த மாதிரிதான். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டினால் பலன் உண்டா என்று பார்த்திருந்தேன். ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொல்கிறவர்களுக்கு மாதம் ஒரு போன், மறந்துவிட்டதாகச் சொல்கிறவர்களுக்கு வாராவாரம். அந்த விதியை வகுத்த மகராசி நான்தான். கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வாராவாரம் பேசியும் சிலர் மறந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, காலி மாத்திரை அட்டைகளும் கணக்குக்குச் சரியாக வருகின்றன. இது எப்படி?

எனக்கும் பிடிபடவில்லை. அந்தச் சிலரில் முதல் ஆள், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். நேரிலேயே கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"நானே சரிபண்ணிடுவேன். தொடவிட மாட்டேங்கறாங்க" என்றார், மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து. இரண்டாவது நாற்காலியில் பழைய பேப்பர்கள் குவிந்திருந்தன. அதில் யாரும் உட்கார்ந்து வெகுநாளாகியிருக்க வேண்டும். அவசரமாக அள்ளித் தரையில் வைத்துவிட்டு, துண்டால் துடைத்து என்னை உட்காரச் சொன்னார்.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க. நீங்க மாத்திரைய மறக்கிற ஆளா?"

"ஒரு நாள்கூட மறந்ததில்ல."

"அப்புறம் ஏன் வாராவாரம் மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "முதல் தடவ ஒழுங்கா சாப்பிட்டேன்னுதாம்மா சொன்னேன். 'ரொம்ப நல்லது, அடுத்த மாசம் பேசறேன்'னு வச்சிட்டீங்க. கீழ் வீட்டுக்காரர் மறந்துட்டேன்னாராம், அவருக்கு வாராவாரம் போன். இது என்னம்மா நியாயம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மீது இல்லை. இத்தனை வருஷம் படித்துக் கிழித்து, ஒழுங்காக இருப்பவனைத் தனியே விடும் ஒரு விதியைப் போட்டிருக்கிறேன்.

"இப்ப ஏன் போனே வர்றதில்ல?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சுங்க."

"ஓ. நான் ஒழுங்காயிட்டேன்னு யாராவது போட்டுக் கொடுத்துட்டாங்களோன்னு நெனச்சேன்."

"இனிமே நீங்க மறக்காட்டியும் கூப்பிடறேன்."

"திரும்பவும் கட்டுரையா?"

"இல்லைங்க. சும்மா பேசத்தான்."

அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

துறைத்தலைவரிடம் சொன்னேன். "அந்த நாலு பேரத் தூக்கிட்டு அனுப்பும்மா. யாரு கேக்கப்போறா?" என்றார். சபலம் தட்டியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மறந்தேன் என்று சொன்ன மற்றவர்களில் யார் நிஜமாக மறந்தார்கள், யார் பேச்சுத்துணைக்காக மறந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பினேன். பதவி அடுத்த முறைக்குத் தள்ளிப்போனது. இதைச் சொல்லிப் புலம்பக்கூட வீட்டில் ஆள் இல்லை. அன்று சமைக்கவும் மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். மாதம் ஒருமுறை கூப்பிடுவான், வேறு தேசத்திலிருந்து. எனக்குத் தைராய்டு வந்ததிலிருந்து அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியாக்கா?"

சாப்பிடறேன்டா என்பேன். அப்ப சரிக்கா, அடுத்த மாசம் பேசறேன் என்று வைத்துவிடுவான். நல்ல பிள்ளைதான், அவனுக்கும் ஆயிரம் வேலை. காலையில் மாத்திரை எடுத்த அட்டை என் எதிரே மேஜையில் கிடந்தது.

"இல்லடா தம்பி, அடிக்கடி மறந்துடுது" என்றேன்.

"என்னக்கா நீ! ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற, நீயே மறந்தா எப்படி? இரு, இனிமே வாராவாரம் நானே கூப்பிட்டு ஞாபகப்படுத்தறேன்."

"சரிடா" என்றேன். எதிரே கிடந்த அட்டையை மேஜை டிராயருக்குள் தள்ளினேன்.