சல்க்கின் தனக்கு எதிராகச் சொன்ன சாட்சி

மூத்தவருக்குப் பிள்ளையில்லை என்றால் இளையவர் தலைப்பிள்ளையைக் கொடுத்துவிடுவது அத்-பாஷி மலைக் கிராமத்துக் குடும்பங்களில் வழக்கம். அப்படித்தான் நாற்பது நாள் குழந்தை அக்மாரலைப் பிள்ளையில்லாத சல்க்கினின் மடியில் வைத்தாள் இளைய ஓரகத்தி மேரிம். வைத்தாள் என்பதைவிட வைக்கச் சொன்னார்கள் என்பதே சரி. பத்தொன்பது வயதுப் பெண்ணை யார் கேட்டார்கள்? ஆட்டை அறுத்து ஊருக்கு விருந்து வைத்தார்கள், முடிந்தது. கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை.

ஏழு வருஷம் கழித்து, புருஷனைப் பிரிந்து தலைநகர் பிஷ்கேக்கில் வீடும் வேலையுமாக நிமிர்ந்துவிட்ட மேரிம், மகளைக் கேட்டு அத்-பாஷி நீதிமன்றத்துக்கு வந்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழில் தாய் என்று அவள் பெயர்தான் இருந்தது.

"புள்ளைய விடமாட்டேன். என்ன செய்யணுமோ சொல்லுங்க" என்றாள் சல்க்கின் தன் வக்கீலிடம்.

வக்கீல் ஊரையே சாட்சிக்கு ஏற்றினார். ஆனால் நீதிபதி ஜிபெக் லேசுப்பட்ட பெண்மணி அல்ல.

"சல்க்கின் தங்கமான பொண்ணும்மா, ஊரே சொல்லும்" என்று ஆரம்பித்தார் வெள்ளைத் தொப்பிப் பெரியவர் ஒருவர்.

"ஊர் சொல்றது இருக்கட்டும் ஐயா. நீங்க கண்ணால பாத்தது என்ன?"

"அது... விருந்துக்குப் போனப்ப, சல்க்கின் டீ ஊத்திக் குடுத்துச்சு."

"டீ நல்லா இருந்துச்சா?"

மன்றமே சிரித்தது. பின்னால் வந்தவர்களும் விருந்து தின்ற சாட்சிகள்தான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையாகிவிட்டதே என்று சல்க்கின் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் நீதிபதி இரண்டு பெண்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "உங்க பொண்ணு எப்படிப்பட்டவ?"

"தங்கம்மா அவ. தைரியசாலி. எதுக்கும் பயப்படமாட்டா" என்றாள் மேரிம். சொல்லும்போதே குரல் உடைந்தது. அதில் நடிப்பு இல்லை.

சல்க்கின் எழுந்தாள். நல்லதை மட்டும் சொல்லுங்கள் என்று வக்கீல் காலையில்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"காத்தடிச்சு அடுப்புப் புகைக்குழாய் ஊளையிட்டா நடுங்குவா. கணக்குப் பாடம்னா வயித்துவலின்னு பொய் சொல்லிப் படுத்துக்குவா. போன மாசம் வைக்கோல் போர்கிட்ட தீக்குச்சி உரசினா. ஓங்கி அறைஞ்சுட்டேன். மூக்குல ரத்தம் வந்துருச்சு. மூணு நாள் என்கூட அவ பேசல."

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். எதிர்த் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "அடிச்சத அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

"காது கேக்குது, உக்காருங்க" என்றார் நீதிபதி. "அடிச்சத யாரும் கேக்கலையேம்மா, ஏன் சொன்னீங்க?"

"புள்ளைய விடமாட்டேன். அதுக்காக அவளப் பத்திப் பொய் சொல்லவும் மாட்டேன்."

மறுநாள் தீர்ப்பு. "சான்றிதழ் பெத்தது யாருன்னு சொல்லுது, அதுல சந்தேகமே இல்ல" என்றார் நீதிபதி. "ஆனா இந்தக் குழந்தைய யாருக்குத் தெரியும்னு அது சொல்லல. ஊர்ச் சாட்சிகளும் சொல்லல. குழந்தைகிட்ட குழந்தைகள் நல அதிகாரி தனியாப் பேசினாங்க. அறை வாங்கினதைப் பத்தி அவளும் சொல்லியிருக்கா, அறைஞ்ச அம்மாதான் அதிகமா அழுதாங்கன்னும் சொல்லியிருக்கா. தனக்குப் பாதகமானதையே மறைக்காதவங்க பேச்ச நான் நம்பறேன். குழந்தை சல்க்கின்கிட்டயே இருக்கட்டும். இனி கை ஓங்கினா இந்தத் தீர்ப்பு நிக்காது. லீவுக்குப் பெத்தவகிட்ட போகணும்."

வாசற்படியில் மேரிம் நின்றிருந்தாள். சண்டைக்குத்தான் நிற்கிறாள் என்று சல்க்கின் தலைத்துணியை இறுக்கிக்கொள்ளாத குறைதான்.

"அக்கா, ஜூன்ல வருவா. எனக்கு அவளப் பத்தி ஒண்ணுமே தெரியலையே. சொல்லிக் குடுங்க."

பேசாமல் போய்விடலாம் என்றுதான் சல்க்கினுக்கு இருந்தது. ஜெயித்தவள் அவள். நான்கு படி இறங்கியவள் திரும்பி ஏறி வந்தாள்.

"மொத ராத்திரி என்னைத் தேடி அழுவா. அப்ப எனக்கு போன் போட்டுடாத," என்றாள். "நீயே தூக்கிக்கோ."