பிடியரிசி டின்

மார்க்கிரட் வீட்டில் அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி மைலோ டின்னில் போட்டாக வேண்டும். உலை கொதித்து வழிந்தாலும் சரி, வாசலில் விருந்தாளி நின்றாலும் சரி, அந்தப் பிடி விழாமல் பானையில் அரிசி விழாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னை பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாள். மாதர் சங்கத்தார் எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி, இல்லாத வீடுகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். பின்சந்தில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த வீரம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வீரம்மா கும்பிடுவது மாரியம்மனை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பிடிவாதத்தில் மார்க்கிரட்டை மிஞ்ச ஆளில்லை என்று அவள் கணவன் தேவசகாயமே தெருவெல்லாம் சொல்லியிருக்கிறான். கல்யாணமான மறுநாள் தொடங்கிய பிடியரிசி. காய்ச்சலில் படுத்த நாளில்கூட அவனை அள்ளிப் போடச் சொல்லிப் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

எண்பத்தேழாம் ஆண்டு, ஷா ஆலத்தில் அவன் ஸ்டோர் கீப்பராக இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு வருட வேலை ஒரே கடிதத்தில் போயிற்று. காலையில் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய் லோரியிலிருந்து காய்கறிக் கூடை இறக்க ஆரம்பித்தான். மூட்டையாக வந்துகொண்டிருந்த அரிசி பொட்டலமாக வரத் தொடங்கியது.

"இந்த மாசம் மட்டும் அந்த டின்ன மூடி வை லா," என்றான் ஒரு நாள். "நம்ம நெலம கர்த்தருக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். அதுக்காக நிறுத்தணுமா?" என்றாள் மார்க்கிரட். "புள்ள பாத்துக்கிட்டு இருக்கா. இருக்கறப்ப குடுத்தா அது மிச்சம். இல்லாதப்ப குடுத்தாதான் அவ மனசுல நிக்கும்."

சொல்லிவிட்டாள். சொல்வதற்கென்ன, வாய்க்குச் செலவில்லை. மறுநாள் பிடி அள்ளியபோது நெஞ்சு கிள்ளியது. அதற்கடுத்த நாளும் கிள்ளியது. மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆறு வயது மகள் ரூபியைக் கூப்பிட்டாள்.

"இனிமே பிடியரிசிய நீதான் போடணும். சரியா?"

ரூபிக்குத் தலைகால் புரியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். கேள்விப்பட்ட சங்கத்து அக்கா ஒருத்தி, "பிள்ளை வளத்தா இப்படி வளக்கணும்," என்று நாலு பேர் முன்னால் புகழ்ந்தாள். மார்க்கிரட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் விஷயம் வேறு. ரூபியின் கை சின்னது. அவள் பிடியில் பாதி அரிசிதான் அடங்கும். பழக்கமும் விட்டுப்போகாது, அரிசியும் மிஞ்சும். கடவுளிடமே கெட்டிக்காரத்தனம் காட்டினாளே என்று நீங்கள் அவளைத் திட்டலாம். அவளே தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனாலும் விடவில்லை.

திங்கள்கிழமை வரை வரும் என்று அவள் நினைத்திருந்த அரிசி வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது. கூலி சனிக்கிழமை மாலைதான் வரும். பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னவோ தோன்றி மைலோ டின்னைத் திறந்தாள். பாதிதான் இருக்கும் என்று எண்ணியிருந்தாள். எந்த மாதமும் போல விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"ரூபி, எவ்ளோ போட்ட நீ?"

"ஒரு பிடிதாம்மா. ஒங்க பிடி." ரூபி இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். "என் ரெண்டு கையும் சேந்தாதான் ஒங்க ஒரு கை வருது. நீங்க மத்தியானம் தூங்கறப்ப வச்சிப் பாத்தேன்."

சந்தையிலிருந்து அப்போதுதான் வந்த தேவசகாயம், கையிலிருந்த பையை ஆணியில் மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"நல்லதாப் போச்சு. அதுலேந்து ரெண்டு டம்ளர் எடுத்து ஒல வை. ஞாயித்துக்கெழம கொறைஞ்சிருந்தா யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உண்மைதான். மார்க்கிரட்டின் கை டின்னுக்குள் போய்விட்டது. ரூபி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கிரட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பேசிய பேச்சையெல்லாம் இந்தப் பிள்ளை எங்கே விட்டதோ, கையை மட்டும் அளந்து வைத்திருக்கிறது. இப்போது இந்தக் கை என்ன செய்கிறதோ, அதையும் அளந்துகொள்ளும்.

அரிசியை உள்ளேயே விட்டாள். உள்ளங்கையால் மூடியை அழுத்தி மூடினாள்.

"ரூபி, அம்மா ஒன்ன ஏமாத்திட்டேன். ஒன் கை சின்னது, அரிசி கொறையாப் போவும்னுதான் ஒன்னப் போடச் சொன்னேன். அது தப்பு."

ரூபி கொஞ்சம் யோசித்தாள்.

"பரவால்லம்மா. கொறையாப் போவல."

தேவசகாயம் ஆணியில் மாட்டிய பையை எடுத்து மனைவியிடம் நீட்டினான். உள்ளே, மறுநாளைக்கு ஆகட்டும் என்று அவன் வைத்திருந்த, சந்தை வியாபாரி பீர் முகம்மது கொடுத்தனுப்பிய மரவள்ளிக்கிழங்கு இருந்தது. மூன்று பேருக்கு ஒரு வேளைக்குப் போதும், அதுவும் இழுத்துப் பிடித்தால். உப்புப் போட்டு வேகவைத்தாள். மிளகாயும் வெங்காயமும் இடித்து வைத்தாள். மூன்று தட்டில் பிரித்துவிட்டு மூவரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். ஆமென் சொல்வதற்குள் ரூபி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, கெழங்குக்கும் பிடி உண்டா?"

தேவசகாயம் மனைவியைப் பார்த்தான். காலையிலிருந்து வெறும் தேநீரில் இருந்த வயிறு மார்க்கிரட்டுக்கு. நெஞ்சு ஒருமுறை நன்றாகவே கிள்ளியது. கிள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உண்டு," என்றாள்.

ரூபி தன் துண்டைப் பிய்க்கப் போனாள்.

"ஒன்னுது வேணாம்." மார்க்கிரட் தன் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "இதுல பெரிய துண்ட எடு. ஆறிப்போறதுக்குள்ள வீரம்மா ஆன்டிக்குக் குடுத்துட்டு வா."

ரூபி அதை ஒரு கிண்ணத்தில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்சந்துக்கு நடந்தாள்.