எவுடோமாரின் பூட்டு

எங்கள் எண்ணெய்க் கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. தொட்டியைக் கழுவ உள்ளே இறங்குகிறவன், அதற்கு எண்ணெய் வரும் குழாயின் வால்வில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியோடு இறங்குவான். அவனே ஏறி வந்து கழற்றும்வரை, கடவுளே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடவுள் வரவில்லை, நாட்டுத் தலைவர் வந்தார். நம் எண்ணெயை யாரும் வாங்கக் கூடாது என்று அமெரிக்காக்காரன் தடை போட்டிருந்தான். அவன் வயிறு எரியட்டும் என்று, சீனாவுக்குக் கப்பலேறும் எண்ணெயைத் தலைவரே தம் கையால் எங்கள் தொட்டிக்குள் திறந்துவிடப் போகிறார். நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. மூன்று மணிக்கு என்றவர்கள் பதினொரு மணிக்கே மராக்காய்போ ஏரிக்கரையில் வந்து இறங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் பார்த்தேன், வால்வில் பூட்டு இல்லை. படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று பாதுகாப்புப் படையினர் வெட்டி எறிந்திருந்தார்கள். என் காலடியில் கிடந்தது. அதில் என் தம்பி எவுடோமாரின் பெயர். காலையில் என் பங்குச் சோள ரொட்டியை, அரேப்பாவையும் பிடுங்கித் தின்றுவிட்டு இறங்கிய பாவி, இன்னும் மேலே வரவில்லை.

மேலாளர் ரிகோபெர்த்தோவின் காதில் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கேமரா முன்னால் தலைவரைத் தடுத்த யாரும் மறுநாள் வேலையில் இருந்ததில்லை.

"வாய மூடு நெரெய்டா. லேசாத்தான் தெறப்பாரு."

மானங்கெட்ட மனுஷன். லேசாகத் திறந்தாலே மூச்சு முட்டிச் செத்துப்போவானே!

நம் மண், நம் ரத்தம் என்று முழங்கிவிட்டுத் தலைவர் வால்வுச் சக்கரத்தில் கை வைத்தார். கூட்டம் ஐந்து, நான்கு என்று எண்ணத் தொடங்கியது. இடுப்பிலிருந்த என் பூட்டை உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தில் மாட்டி அழுத்தினேன். எண்ணிக்கை மூன்றிலேயே நின்றுபோயிற்று.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"உள்ள ஆள் இருக்கான், தலைவரே."

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா? நம்ம பொம்பளைங்க போட்ட பூட்ட எந்த அமெரிக்காக்காரனாலயும் ஒடைக்க முடியாது."

கைதட்டல் காதைப் பிளந்தது. தொட்டிப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நானே ஓடிப்போய்க் கத்திக் கூப்பிட்டு அவனை மேலே ஏற்றினேன்.

சாயங்காலத்துக்குள் என் வேலை போயிற்று. விழாவைக் கெடுத்த சதி என்று வழக்கும் போட்டார்கள். போகட்டும், தம்பி வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று தைரியமாக இருந்தேன். வந்தான். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"தொட்டிக்குள்ள யாருமே இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவன் தலைமுடியில் கச்சா எண்ணெய் நாற்றம் இன்னும் போகவில்லை.